சாமி இல்லாத மலை

நம் பக்கத்தில் மலை ஏறுவதென்றால் மேலே ஒரு சாமி இருக்க வேண்டும். பழனிக்குப் போகிறேன் என்றால் யாரும் காரணம் கேட்பதில்லை. திண்டுக்கல் கோட்டை மலைக்கு, அதுவும் தனியாக, பொழுது சாய்வதைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், "உடம்புக்கு ஏதாவதா?" என்று விசாரிப்பார்கள். மேலே கோயில் உண்டு. உள்ளே சிலை இல்லை. அபிராமி அம்மன் கீழே ஊருக்குள் குடியிருக்கிறாள்.

1605-இல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கிய கோட்டை அது. 1755-இல் ஹைதர் அலி இங்கே அதிகாரியாக வந்தார். அவர்களெல்லாம் அழகுக்காகவா மேற்கே பார்த்திருப்பார்கள்? தூசி கிளம்புகிறதா என்று பார்த்திருப்பார்கள். பொழுது சாயும் அந்தத் திக்கில்தான் விருப்பாட்சி. அதன் பாளையக்காரர் கோபால நாயக்கரை 1801-இல் கும்பினியார் தூக்கிலிட்டார்கள்.

இன்று கொத்தளத்தில் நின்றால் தூரத்தில் பழனி மலைகள் கறுக்கின்றன. சமவெளியிலிருந்து வெயில் மெல்ல வடிகிறது. எதிரிக்குப் பயந்து பார்க்க வேண்டாம். எதையும் வேண்டிக்கொண்டு பார்க்கவும் வேண்டாம். பயமும் வேண்டுதலும் இல்லாமல் ஒன்றைப் பார்க்கும் அரைமணி, குடும்பஸ்தனுக்கு வருஷத்தில் எத்தனை தடவை வாய்க்கிறது?

காவலர் கதவைச் சாத்துமுன் இறங்கிவிட வேண்டும். வீட்டில் கேட்டால், காற்று வாங்கப் போனதாகச் சொல்லிக்கொள்ளலாம். அது பொய்யும் அல்ல.