தொழில்: கூலி

பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டில் எத்தனையோ கட்டங்கள் உண்டு. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, ஊர் என்று வரிசையாகப் போகும். அவற்றுள் 'தகப்பனாரின் தொழில்' என்பதும் ஒன்று. கல்வராயன் மலையிலே, கரியாலூரில் நான் உபாத்தியாயராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் அந்தக் கட்டத்தைப் பூர்த்தி செய்வதைப் போலச் சுலபமான காரியம் வேறில்லை. மேலிருந்து கீழ்வரை 'கூலி', 'கூலி' என்று எழுதிக்கொண்டே போகலாம். நடுவில் எங்கேனும் 'விவசாயம்' என்று வந்தாலும், சாமையும் மரவள்ளியும் போட்டுவிட்டு மற்ற மாதங்களில் கூலிக்குப் போகிற விவசாயந்தான் அது.

ஆனால் நேயர்களே, கூலி என்பது ஒரு தொழிலா? அது சம்பளத்தின் பெயரல்லவா? எங்கள் மலை ஜனங்கள் கோமுகி அணையையும் கச்சிராயபாளையத்தையும் தாண்டிக் கீழே இறங்கினால் கரும்பு வெட்டுவதும் கூலி. செங்கல் சூளையில் மண் மிதிப்பதும் கூலி. கருங்கல் குவாரியில் குழி போடுவதும், கிரஷரில் ஜல்லி உடைப்பதும் கூலியே. வீட்டுக்கு வரும் ரூபாய் நோட்டில் வித்தியாசம் ஒன்றும் இல்லை. நெஞ்சுக்குள் போகும் காற்றில்தான் வித்தியாசம் இருக்கிறது.

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அடிக்கடி பள்ளிக்கு வராமல் இருந்தான். விசாரித்தபோது, தகப்பனாருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தது. வீட்டுக்குப் போனேன். நாற்பது வயதுகூட நிரம்பாத மனிதர். திண்ணையில் உட்கார்ந்து முழங்கால்களைக் கையால் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கினார். க்ஷயரோகம் என்று சொல்லி, ஆறு மாத மருந்தை இரண்டு தடவை சாப்பிட்டாகிவிட்டது. மருந்து இலவசம், ஒரு வேளைகூடத் தவறவில்லை என்று அந்த அம்மாள் அட்டைகளை எடுத்துக் காட்டினாள். இருமல் மட்டும் நிற்கவில்லை.

"என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டேன்.

"கூலிதானுங்க, சார்."

"என்ன கூலி?"

"கல்லு மிஷின்லே, சார். கல்லை வாயிலே தள்ளிவிடற வேலை. ஏழு வருஷம்."

"ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னீர்களா?"

அவர் சற்று யோசித்தார். "அவுங்க கேக்கலீங்களே, சார்" என்றார்.

நீண்ட வரிசையில் காத்திருக்கும் நோயாளிகளை ஒரு காலை வேளைக்குள் பார்த்து அனுப்ப வேண்டிய வைத்தியர்மேல் குற்றம் சொல்வது எளிது. மெலிவு, இருமல், எக்ஸ்ரே படத்தில் புள்ளிகள் என்றால் நம் நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது க்ஷயமே. ஆயினும் கேட்கப்படாமல் போன அந்தக் கேள்விக்கு முந்நூறு வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது. இத்தாலி தேசத்து வைத்தியர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700இல் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்பதையும் கேட்கவேண்டும் என்பது அவர் வைத்தியர்களுக்குச் சொன்ன புத்திமதி. சுரங்கத் தொழிலாளரும் கல் தச்சரும் அவருடைய நூலில் இடம் பெற்றிருக்கிறார்கள்.

கல்லில் அப்படி என்ன விஷம் இருக்கிறது? கருங்கல்லில் படிகமான சிலிகா, அதாவது குவார்ட்ஸ், கலந்திருக்கிறது. ஆற்று மணலிலும் இருப்பது அதுவே. கையில் அள்ளினால் அது நம்மை ஒன்றும் செய்வதில்லை. கல்லைத் துளைக்கும்போதும் நொறுக்கும்போதும் கிளம்பும் பொடிதான் ஆபத்து. அதிலும் கண்ணுக்குத் தெரிந்து, சட்டையில் வெள்ளையாகப் படியும் தூசி அவ்வளவு பொல்லாததன்று. மூக்கும் தொண்டையும் அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். மயிரிழையின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த துகள் இருக்கிறதே, அதுவே யமன். அது மணிக்கணக்காகக் காற்றில் மிதக்கும்; துணியைக் கட்டிக்கொண்டாலும் நுழைந்துவிடும். நுரையீரலின் அடியில் தங்கிய துகளை விழுங்க வரும் உயிரணுக்கள் அதை ஜீரணிக்க மாட்டாமல் மடிகின்றன. மடிந்த இடம் புண்ணாகித் தழும்பாகிறது. தழும்பு கல்லைப்போல் இறுகுகிறது. 'சிலிக்கோஸிஸ்' என்று பெயர். வேலையை விட்ட பிறகும் வளரக்கூடியது; தழும்பை அழிக்கும் மருந்து இல்லை. போதாக்குறைக்கு, இந்த நோய் உள்ளவரை க்ஷயமும் சுலபமாகப் பற்றிக்கொள்ளும். ஆகையால் இரண்டில் எது, அல்லது இரண்டுமேயா என்று கண்டுகொள்ள, தொழில் இன்னதென்று தெரிந்தாகவேண்டும்.

இவையெல்லாம் நேற்றுக் கண்டுபிடித்த விஷயங்கள் அல்ல. தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களில் யந்திரத்தால் பாறையைத் துளைத்தவர்கள் இளவயதிலேயே மாண்டதைக் கண்டு 1902இல் ஒரு விசாரணைக் கமிஷன் ஏற்பட்டது. 1916இல் அந்நாட்டுச் சுரங்க நிபுணர் ராபர்ட் கோட்ஸே, சுரங்கக் காற்றைப் பசை தடவிய கண்ணாடியில் மோதச் செய்து, ஒட்டிய தூசியைப் பூதக்கண்ணாடியால் எண்ணிப் பார்க்கும் கருவி ஒன்றை அமைத்தார். 1930இல் ஜோஹானஸ்பர்க்கில் பல தேசத்து வைத்தியர்கள் இந்த ஒரு நோய்க்காகவே மகாநாடு கூடினார்கள்.

நமக்கு ஜோஹானஸ்பர்க் தூரம், கோலார் அப்படியன்று. வட ஆர்க்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போன தமிழர்களின் கைகளே அந்தத் தங்க வயலில் பூமியை மூன்று கிலோமீட்டருக்கும் கீழே குடைந்தன. 1940களில் அங்கே 7,600க்கும் மேற்பட்ட தொழிலாளரின் மார்பைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு 40 பேருக்கு மேல் இந்நோய் கண்டிருந்தது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் போன இடம் யாருக்கும் தெரியாது; தூசி தங்கின இடம் நமக்குத் தெரியும்.

உபாத்தியாயர் என்ற முறையில் என்னை மிகவும் உறுத்துவது இன்னொரு செய்தி. நம்மில் பலர் அகரம் எழுதிப் பழகிய சிலேட்டுக் குச்சி இருக்கிறதே, அதைக் கல்லிலிருந்து அறுத்துச் செய்யும் ஊர்களில் மத்தியப் பிரதேசத்து மாண்ட்ஸோர் பெயர் பெற்றது. அங்கே 593 தொழிலாளரைச் சோதித்து 1985இல் வெளியான ஆராய்ச்சி, பாதிக்கு மேற்பட்டவருக்குச் சிலிக்கோஸிஸ் இருந்ததாகக் கண்டது. நாம் எழுத்துக் கற்றுக்கொண்ட குச்சியின் பொடி, பள்ளிக்கூடத்தையே பாராத ஒருவருடைய நெஞ்சில் படிந்திருக்கிறது.

பரிகாரம் என்னவென்றால், அதைக் கேட்டுச் சிரிக்கத் தோன்றும்: தண்ணீர்! துளையிடும் உளியின் நடுவே தண்ணீரைச் செலுத்தினால் பொடி சேறாகிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்டறியப்பட்ட உபாயம் இது. கிரஷரின் வாயிலும் ஜல்லி விழும் இடத்திலும் நீரைத் தூவலாம், பட்டையை மூடலாம், தூசியை உறிஞ்சும் விசிறி வைக்கலாம். ஆராய்ச்சி செய்யும் ஸ்தாபனங்களுக்கும் பஞ்சமில்லை. தன்பாத்தில் 1956 முதல் சுரங்க ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அகமதாபாத்தில் 1966இல் தொழில்சார் சுகாதார ஆராய்ச்சி தொடங்கியது. பாறைகளின் இயல்பை ஆராய 1988இல் கோலாரிலேயே ஒரு நிறுவனம் ஏற்பட்டது. நம் தேசத்துச் சட்டத்தில் குவாரியும் சுரங்கமே. இந்நோயும் தொழிலால் வரும் நோய்களுள் ஒன்றாக அதில் எழுதப்பட்டிருக்கிறது. 2019இல் ராஜஸ்தான் அரசாங்கம் இந்நோயாளிகளுக்கு உதவ ஒரு திட்டமே வகுத்தது. இவ்வளவும் இருந்தும், "என்ன கூலி?" என்று யாரும் கேட்காவிட்டால் அந்த மனிதர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். கணக்கில் வராத நோய்க்கு எந்த முதலாளி தண்ணீர்க் குழாய் வைக்கப்போகிறான்?

பையனின் தகப்பனாரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: எந்த வேலை, எத்தனை வருஷம், நாளைக்கு எத்தனை மணி, தண்ணீர் தெளித்தார்களா இல்லையா. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வைத்தியர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தாராம். பழைய படங்களை மறுபடி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது கல்தூசி" என்றாராம். அதனால் அவருக்கு மூச்சு திரும்பிவிடவில்லை. இன்றும் திண்ணையிலேதான் இருக்கிறார்.

ஆனால் அந்த வீட்டில் பதினெட்டு வயது மூத்த பிள்ளை ஒருவன் இருக்கிறான். தகப்பன் விட்ட இடத்தில், அதே மிஷின் வாயருகே அவன் நின்றுகொண்டிருந்தான். "தூசி எங்கே சார் இருக்குது? காத்து அடிச்சுக்கிட்டுப் போயிடுது" என்று என்னிடம் சொன்னவன் அவன். வைத்தியர் சொன்னதைத் தகப்பனார் வந்து சொன்ன பிறகு அவன் அங்கே போகவில்லை. இந்தப் பருவத்தில் கரும்பு வெட்டுக்குப் போனான். கூலி குறைவு என்று தாயார் குறைப்பட்டுக்கொண்டாள். போகச் சொல்லவும் இல்லை.

நகரத்து நேயர்களுக்கு இந்த விஷயம் தூரத்துச் செய்தியாகத் தோன்றலாம். உங்கள் வீட்டு அஸ்திவாரத்து ஜல்லி எங்கிருந்தோ உடைந்து வந்ததுதான். இப்போது சமையலறை மேடைக்கு நாகரிகமாகப் போடுகிற 'குவார்ட்ஸ்' பலகையில் சிலிகா நூற்றுக்குத் தொண்ணூறு வரைகூட உண்டு. அறுப்பவர்களுக்கு நேர்ந்த கதியைப் பார்த்து ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடுத்துவிட்டது. உங்கள் வீட்டில் அதை அறுக்க ஆள் வந்தால் தண்ணீர் ஊற்றி அறுக்கச் சொல்லுங்கள். ஒரு வாளி தண்ணீருக்கு மேல் செலவில்லை.

எழுதத் தெரிந்த நமக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. தோட்டக்காரனோ, வேலைக்கார அம்மாளின் புருஷனோ இருமிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டால், முன்பு என்னென்ன வேலை செய்தார் என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள். நான் இப்போது ஒரு தனி நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். பதிவேட்டில் 'கூலி' என்று இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அது என்ன கூலி என்று அதில் எழுதி வருகிறேன். இதுவரை பதினோரு பெயருக்கு நேரே 'கல்' என்று விழுந்திருக்கிறது.