நாலு பத்துக் காசு

எங்கள் ஊர்த் தமிழில் ரிங்கிட்டுக்குப் பெயர் வெள்ளி. ஈப்போவின் புந்தோங் சந்தையில் "அஞ்சு வெள்ளி" என்று கேட்பவர் கையில் குண்டுமணி அளவு வெள்ளிகூட இருக்காது. பேச்சில் மட்டும் அது நிற்கிறது. எங்கள் வீட்டில் நாலு பொத்தான்களிலும் நிற்கிறது.

தாத்தாவின் தீபாவளி ஜிப்பாவுக்காகப் பாட்டி செய்து போட்டவை அவை. அப்போது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தார்கள். நீரிணைக் குடியேற்ற அரசின் பத்துக் காசு நாலு. பத்தர் ஒவ்வொன்றின் முதுகிலும் பொடி வைத்து ஊதிக் காது பற்றவைத்து, மெல்லிய சங்கிலியில் கோத்திருக்கிறார். துணியோடு தைக்காத பொத்தான், துவைக்குமுன் கழற்றிவிடலாம்.

ராஜா முகம் வெளியே தெரிவதுதான் பலருக்குப் பெருமை. பாட்டியோ ஐந்தாம் ஜார்ஜின் தலைமேலேயே காதை வைக்கச் சொன்னாராம். வெளியே 10 என்ற எண்தான் தெரியும். அதுதான் சரியென்று எனக்கும் படுகிறது. உலகப் பொருளாதார மந்தத்துக்கு முன் தோட்டத்தில் நிர்ணயக் கூலி ஆணுக்கு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்று, மரம் சீவி, பால் சுமந்த பாட்டியின் ஒரு நாள் அப்படியே தாத்தாவின் நெஞ்சில் இருந்தது.

மூன்று காசுகள் 1926, 1927இல் அடித்தவை. பத்துக்கு ஆறு பங்கு வெள்ளி. நாலாவது 1919. முதல் உலகப் போரை ஒட்டி வெள்ளி விலை ஏறிய காலம் அது; பத்துக்கு நாலு பங்குதான் சேர்த்தார்கள். திருநீறு போட்டுத் தேய்த்தால் மூன்றும் வெளுக்கும். நாலாவது மட்டும் சிவந்தே இருக்கும்.

ஜப்பான்காரன் காலத்தில் வாழைமர நோட்டு வந்தது. 1945இல் அது வெறும் காகிதமாயிற்று. அதற்குள் தாத்தாவைச் சயாம் ரயில் போடக் கொண்டுபோய்விட்டார்கள். காட்டு வேலைக்கு நல்ல பொத்தான் எதற்கென்று கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டுப் போனவர் திரும்பவில்லை. மரவள்ளிக்கிழங்கே சோறான நாட்களிலும் பாட்டி அவற்றை விற்கவில்லை.

பிறகு தோட்டம் துண்டாடப்பட்டது, லயத்து வீடுகளும் போயின. பொத்தான்கள் ஈப்போவில் என் அலமாரிக்கு வந்தன. போன வருஷம் சங்கிலி அறுந்ததும், லஹாட் சாலைப் பக்கம் ஒரு பத்தரிடம் கொடுத்தேன். அவர் சிவந்ததைத் தனியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இத மாத்திடலாம்மா. நல்ல வெள்ளியில ஒண்ணு செஞ்சு தரேன்."

"வேணாண்ணே," என்றேன். "பாட்டி கூலியில பத்துக் காசு கொறைஞ்சிடும்."