ஆப்பிளுக்குப் பெயர் ‘மண’

ஸ்ரீநகருக்கு வடக்கே, காஷ்மீரின் கந்தர்பல் மாவட்டத்தில் இருக்கிறது குட்லிபாக். பஷ்தோ பேசும் பட்டாணியர்களின் ஊர். கடைவீதியில் காஷ்மீரி, பள்ளியில் உருது. பஷ்தோவுக்கு வீடுதான் கோட்டை.

பஷ்தோ படிக்கத் தொடங்குபவருக்கு முதல் பாடம் முகமன்: ‘ஸ்தடே மஷே’. களைப்படையாதிருப்பீராக என்று பொருள். தமிழருக்கு ஒரு வசதி உண்டு. உருது எழுத்தில் இல்லாத ‘ண’வுக்கு இங்கே தனி எழுத்தே இருக்கிறது. ஆப்பிளுக்குப் பெயர் ‘மண’.

அடுத்த பாடம் ‘டப்பா’. தகர டப்பா அல்ல, ஈரடிப் பாட்டு. ஒற்று நீக்கி எண்ணினால் முதலடியில் 9 எழுத்து, அடுத்ததில் 13. கட்டளைக் கலித்துறைபோல, கணக்குத் தப்பக் கூடாது. காதல், பிரிவு, போர் என்று எதையும் பாடும். கட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள். பெயர் மட்டும் தங்குவதில்லை. அக்கா கட்டியதைத் தம்பி பெருமையோடு சபையில் பாடினாலும், நாலு வாய் மாறினால் அது ஊர்ப்பாட்டு.

இப்பாட்டுகளில் ஏட்டில் ஏறியவை கொஞ்சம். வாயில் வாழ்பவையே அதிகம். பேரப்பிள்ளைகள் வீட்டிலும் உருதுக்கு மாறிவிட்டால் போவது மொழி மட்டுமல்ல. அக்காமார் கையெழுத்தில்லாமல் எழுதிவைத்த உயிலும்தான்.