போருக்குப் போகாத வீரர்

சாமுராய் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது வாளும் கொண்டையும்தான். எனக்கும் அப்படித்தான். தமிழ்ப்பள்ளிக் காலத்தில் மாலை நேரக் கார்ட்டூனில் தொடங்கிய மோகம் இது. தேசிய இடைநிலைப்பள்ளியில் மலாய் மொழியில் கிடைத்த ஜப்பானியப் படக்கதைகளால் வளர்ந்து, பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய வரலாற்றை விருப்பப் பாடமாக எடுக்க வைத்தது.

அங்கே அறிமுகமானவர் யாமாமோத்தோ சுனெத்தோமோ. அவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதிய 'ஹாகாகுரே' 1716 வாக்கில் நிறைவுற்றது. எந்நேரமும் சாவுக்குத் தயாராக இருப்பதே வீரனின் கடமை என்பது அதன் சாரம். ஆனால் சுனெத்தோமோ பிறந்தது 1659-இல். ஷிமாபாரா கிளர்ச்சி 1638-இல் அடங்கிய பிறகு ஜப்பானில் பெரிய போரே இல்லை. ஆக, மனிதர் ஒரு போர்க்களத்தையும் கண்டதில்லை! எழுத்து வேலை பார்த்தவர். தம் பிரபு 1700-இல் இறந்தபோது உடன் உயிர்விட விரும்பினார். சட்டம் அனுமதிக்காததால் துறவியானார். நாலு பேர் நடுவே கொட்டாவி வந்தால் எப்படி அடக்குவது என்றும் அந்த நூலில் ஆலோசனை உண்டு. காலை எட்டு மணி விரிவுரைக்குப் போகும் நமக்கு மிகவும் பயன்படும்.

அக்காலச் சாமுராய்கள் பலரும் இப்படித்தான். கணக்கு எழுதினார்கள், கோட்டை வாசலைக் காத்தார்கள், சம்பளத்தை அரிசிக் கணக்கில் வாங்கினார்கள். அதற்கு அளவு 'கோக்கு'. ஒரு கோக்கு ஏறத்தாழ 180 லிட்டர். ஒருவர் ஓராண்டுக்கு உண்ணும் அரிசி. கீழ்நிலையில் இருந்தவர்களுக்கு அது போதவில்லை. வீட்டில் குடை செய்து விற்றுப் பிழைத்த சாமுராய்களும் உண்டு. 1876-இல் அரசு வாள் அணியவே தடை விதித்தது. மறு ஆண்டு சைகோ தகாமோரி தலைமையில் கிளர்ந்தெழுந்தவர்களைத் தோற்கடித்த படையில், கட்டாயச் சேவைக்கு வந்த விவசாயிகளின் பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். சாமுராயின் கதை அத்தோடு முடிந்தது.

முடிந்த பிறகுதான் அது பெரிதாயிற்று. 1900 வாக்கில் நித்தோபே இனாசோ, 'புஷிடோ' என்ற நூலை ஆங்கிலத்தில் எழுதி அமெரிக்காவில் வெளியிட்டார். அவர் கிறிஸ்துவர், ஜப்பானிய ஒழுக்கத்தை மேல்நாட்டாருக்கு விளக்குவதே அவர் நோக்கம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் 1941 ஜனவரியில், இராணுவ அமைச்சராக இருந்த தோஜோ ஹிடேகியின் பெயரில் வந்த கையேடு, கைதியாகும் அவமானத்தோடு உயிர் வாழக்கூடாது என்று ஒவ்வொரு சிப்பாய்க்கும் போதித்தது. போரையே பார்க்காத சுனெத்தோமோவின் பேச்சும் அக்காலத்தில் அச்சாகிப் பரவியது.

அந்தச் சிப்பாய்கள்தாம் மலாயாவுக்கு வந்தார்கள். சரணடைவதே இழிவு என்று பழக்கப்பட்டவனின் கண்ணுக்கு, கையில் ஆயுதமே இல்லாத தோட்டப் பாட்டாளி எப்படித் தெரிந்திருப்பான்? என் பாட்டியின் அப்பா 1943-இல் சயாமுக்குக் கொண்டு செல்லப்பட்டவர். 415 கிலோமீட்டர் ரயில் பாதை அவ்வாண்டு அக்டோபரில் இணைக்கப்பட்டது. அவர் திரும்பவில்லை. பாட்டிக்கு அப்போது மூன்று வயது.

பாடத்தின் இறுதிக் கட்டுரைக்கு இதையே தலைப்பாக எடுத்தேன். எழுதியதையெல்லாம் பாட்டிக்குச் சொல்லிக் காட்டினேன். குடை செய்த சாமுராய் வரை சிரித்துக்கொண்டே கேட்டார். மீதியைக் கேட்டதும் சற்று நேரம் பேசவில்லை.

"அப்போ, எவனோ எழுதி வச்சத அவனுங்களும் நம்பிட்டானுங்களா?"

"கொஞ்சம் அப்படித்தான், பாட்டி."

"கொஞ்சந்தானே," என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனார்.