பதினோரு காய்ச்சல்

அடி மீனா,

நலம் விசாரிக்கறதைக் கடைசியில வச்சுக்கறேன். முதல்ல கல்யாணக் கதை. ஆடிட்டுன்னு நீ வராமப் போனதுல உனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. ரெண்டாம் பந்திக்கே சாம்பார் ரசமாயிடுச்சு. மாப்பிள்ளையோட அத்தைக்காரி, மோதிரம் சின்னதா இருக்குன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு, அதே மூஞ்சியோட மூணு ஐஸ்கிரீம் சாப்பிட்டா. உன் ஓரகத்தி மாம்பழக் கலர் பட்டு கட்டியிருந்தா. விலையை யாரும் கேட்கலைங்கற வருத்தத்துல அவளே சொல்லிட்டா.

எல்லாரும் போட்டோவுக்கு மேடை ஏறினப்பதான் உன் மகளைக் காணோம். தேடிப் போனா, பொண்ணு ரூம்ல சூட்கேஸுக்கு நடுவுல பாயில சுருண்டு கிடக்கறா. முட்டி ரெண்டும் நெஞ்சைத் தொட்டுக்கிட்டு இருக்கு, முகமெல்லாம் வேர்வை. ரெண்டு தடவை வாந்தி எடுத்திருக்கா. "ஒண்ணுமில்லம்மா, வீட்டுக்கு விலக்கு. பொம்பளையாப் பொறந்தா இருக்கறதுதானே"ன்னாங்க உன் மாமியார். பக்கத்துல இருந்த ஒரு சித்தி, "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வை, எல்லாம் சரியாயிடும்"னா. பிளஸ் ஒன் படிக்கற பொண்ணுக்கு மருந்து கல்யாணமாம்! உன் மாமியாரைக் குத்தம் சொல்லலடி. சமையக்காரர்கிட்ட சுக்குத் தண்ணி போடச் சொல்லி ஆள் அனுப்பினதும் அவங்கதான். அவங்க காலத்துல அவங்க வலியை யார் கேட்டா?

மூட்டுவலிக்காக ஒரு பெரியம்மா கொண்டு வந்திருந்த வெந்நீர்ப் பையைக் கடன் வாங்கி அடிவயித்துல வச்சேன். அரை மணி நேரத்துல பிள்ளை பேச ஆரம்பிச்சா. ஹாஸ்டல் ஞாபகம் வந்துச்சு. எனக்காக நீ கண்ணாடி பாட்டில்ல கொதிக்கற தண்ணியை ஊத்த, அது டப்புன்னு உடைஞ்சு, வார்டன் ஓடி வந்து... சிரிச்சுக்கிட்டே வலிச்ச ஒரே நாள் அதுதான்.

அப்ப நமக்குத் தெரியாததை இப்பச் சொல்றேன். மாசாமாசம் கர்ப்பப்பையோட உள்சவ்வு உதிரறப்ப, புரோஸ்டாகிளாண்டின்னு ஒரு சரக்கு சுரக்குது. அது கர்ப்பப்பைத் தசையைப் பிழிஞ்ச துணி மாதிரி முறுக்குது. முறுக்கற நேரம் ரத்த ஓட்டம் குறைஞ்சு, தசைக்கு ஆக்ஸிஜன் பத்தாமப் போகுது. அதுதான் அந்த வலி. சரக்கு அளவுக்கு மேல சுரந்தா வாந்தி, தலைவலி, வயித்தால போறதுன்னு எல்லாம் கூடவே வரும். உன் மகளுக்கு வந்தது பாசாங்கும் இல்ல, செல்லமும் இல்ல.

இந்தச் சரக்குக்குப் பேர் வந்த கதை இன்னும் வேடிக்கை. 1935ல உல்ஃப் ஃபான் ஆய்லர்ங்கற ஸ்வீடன்காரர், விந்துல இருந்த இதை ஆம்பளைங்களோட புராஸ்டேட் சுரப்பியில உண்டாகறதுன்னு நினைச்சு அந்தப் பேரை வச்சுட்டார். நம்ம வயித்தை முறுக்கறதுக்கும் ஆம்பளை பேர்தான் பாரு! 1971ல ஜான் வேன்ங்கற இங்கிலாந்துக்காரர், ஆஸ்பிரின் மாதிரி மாத்திரைங்க இந்தச் சரக்கு உருவாகறதையே தடுக்குதுன்னு கண்டுபிடிச்சார். 1982ல நோபல் பரிசு வாங்கின மூணு பேர்ல அவரும் ஒருத்தர்.

நமக்கு வேண்டிய சூட்சுமம் இதுலதான் இருக்கு. இப்யூபுரூஃபென், மெஃபெனாமிக் அமிலம் மாதிரி மாத்திரைங்க சரக்கு உருவாகறதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே சுரந்ததை அள்ளி வெளிய கொட்டாது. அதனால, துடிச்சுத் தாங்க முடியாத கட்டத்துல போடறதை விட, வலி தலைகாட்டின உடனே, சாப்பிட்டுட்டுப் போட்டா நல்லாக் கேட்கும். நாம என்ன பண்ணினோம்? "மாத்திரை போட்டா பின்னாடி குழந்தை பிறக்காது"ன்னு எவளோ சொன்னதை நம்பி, பல்லைக் கடிச்சோம். அது வெறும் கட்டுக்கதை. அதுக்காக மெடிக்கல்ல நீயா வாங்கிக் குடுத்துடாத. அல்சர், கிட்னிக் கோளாறு, வீசிங் இருந்தா ஆகாது. மெஃபெனாமிக் அமிலத்தால சிலருக்குக் காய்ச்சலும் தோல் தடிப்புமா கடுமையான ஒவ்வாமை வரலாம்னு 2023ல இந்திய பார்மகோபியா ஆணையமே எச்சரிச்சிருக்கு. எந்த மாத்திரை, எத்தனைங்கறதை டாக்டர் சொல்லட்டும். மாத்திரை கேட்கலைன்னா ஹார்மோன் மாத்திரையும் உண்டு. "கருத்தடை மாத்திரையா!"ன்னு வீட்ல கூச்சல் வரும். காதுல வாங்காத.

ஒத்தடத்தைச் சாதாரணமா நினைக்காத. 2001ல வந்த ஒரு ஆய்வுல, அடிவயித்துல தொடர்ந்து இதமான சூடு வச்சது இப்யூபுரூஃபெனுக்குச் சமமாவே கேட்டிருக்கு. வாரத்துல மூணு நாள் வேகமா நடந்தாலோ விளையாடினாலோ வலி குறையும்னும் சொல்றாங்க. உன் மாமியாரோட சுக்குக்கும் கொஞ்சம் ஆதாரம் இருக்கு, அவங்ககிட்ட சொல்லு, சந்தோஷப்படுவாங்க.

இப்ப, நான் உன்கிட்டகூட மறைச்ச கதை. வயசுக்கு வந்து ஒண்ணு ரெண்டு வருஷத்துக்குள்ள ஆரம்பிச்சு, ரத்தப்போக்கோட வந்து, ரெண்டு மூணு நாள்ல அடங்கற வலி பெரும்பாலும் நோய் இல்ல. என்னோடது அப்படி இல்லடி. வருஷா வருஷம் கூடிக்கிட்டே போச்சு. மத்த நாள்லயும் இடுப்பு கடுத்தது. மோஷன் போறப்ப உயிர் போச்சு. தாம்பத்தியத்துல வலிச்சதை அவர்கிட்டகூட சொல்லல. ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னாங்க. "ஒரு பிள்ளை பெத்தா சரியாயிடும்"னாங்க. பெத்தேன், ரெண்டு வருஷம் அடங்கின மாதிரி இருந்துச்சு, திரும்ப வந்துடுச்சு. முப்பத்து நாலு வயசுல லேப்ராஸ்கோப்பி பண்ணினப்பதான் எண்டோமெட்ரியோசிஸ்னு தெரிஞ்சுது. கர்ப்பப்பைக்குள்ள இருக்க வேண்டிய சவ்வு மாதிரி திசு வெளிய, முட்டைப்பை மேலயும் குடல் மேலயும் வளர்ந்திருக்கு. உலகத்துல பிள்ளை பெறற வயசுல இருக்கற பொண்ணுங்கள்ல சுமார் பத்துல ஒருத்திக்கு இது இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஸ்கேன்ல தெரியலைங்கறதால இல்லைன்னு ஆயிடாது. அன்னிக்கு நான் அழுதது நோயை நினைச்சு இல்ல. இத்தனை வருஷம் நான் சொன்னது பொய் இல்லைன்னு ஆச்சே, அதுக்கு.

அதனால உன் மககிட்ட கேளு: வலி மாசாமாசம் கூடுதா, மத்த நாள்ல வருதா, மணிக்கொரு நாப்கின் நனையுதா, காய்ச்சலோ நாத்தமோ இருக்கா, மாத்திரை போட்டும் ஸ்கூலுக்குப் போக முடியலையா? ஒண்ணுக்கு "ஆமா"ன்னாலும் மகப்பேறு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. பால் கணக்கு எழுதற காலண்டர்லயே வலிச்ச நாள், பத்துக்கு எத்தனை வலி, போட்ட மாத்திரைன்னு மூணு மாசம் குறிச்சு வைக்கச் சொல்லு. டாக்டர் முன்னாடி நாக்கு ஒட்டிக்கிட்டாலும் காலண்டர் பேசும். ஆனா இப்பவே தவிக்கறான்னா மூணு மாசம் காத்திருக்காத.

கடைசியா ஒண்ணு. தூரம், விலக்கு, காக்கா தொட்டுடுச்சுன்னு நமக்குத்தான் எத்தனை மூடுமந்திரம்! ஆனா பீகார்ல 1992லயே அரசுப் பெண் ஊழியர்களுக்கு மாசம் ரெண்டு நாள் இதுக்குன்னு லீவு குடுத்தாங்க. இங்க என்னன்னா, அன்னிக்கு உன் மக பாயில படுத்துக்கிட்டே சொன்னா: "அத்தை, போன ஜூன்லேர்ந்து எனக்குப் பதினோரு தடவை காய்ச்சல்." பதினோரு லீவ் லெட்டர், எல்லாத்துலயும் உன் கையெழுத்து. காய்ச்சல்னு எழுதினா ஸ்கூல் எப்படி உதவும், டாக்டர் எதைப் பார்ப்பார்?

பன்னிரண்டாவது லெட்டர்ல "மாதவிடாய் வலி"ன்னு எழுதுடி. கீழ உன் பேரையும் முழுசாப் போடு.

இப்படிக்கு,
பாட்டில் உடைஞ்ச ரூம்மேட்

பி.கு.: நலம்தானே? அந்த ஐஸ்கிரீம் அத்தைக்காரி நாலாவதையும் சாப்பிட்டாளாம்.