இப்போது நேரமில்லை, பாட்டி

2003-இல் அப்பாவுக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் மூன்றாண்டு வேலை கிடைத்தது. கிள்ளானில் இரண்டாம் படிவம் படித்துக்கொண்டிருந்த என்னைச் சாட்ஸ்வொர்த்தில் ஓர் உயர்நிலைப்பள்ளியில் சேர்த்தார்கள். இந்திய வம்சாவளியினர் நிறைந்த பகுதி அது. வகுப்பில் பிள்ளை, நாயுடு, கோவெண்டர் என்றே பெயர்கள். ‘அட, நம்ம ஆளுங்க’ என்று நிம்மதியாக உட்கார்ந்தேன். முதல் பாடமே ஆஃப்ரிகான்ஸ்!

ஆங்கிலம் முதல் மொழி. அதோடு கூடுதல் மொழி ஒன்று கட்டாயம். எங்கள் பள்ளியில் அது ஆஃப்ரிகான்ஸ். டச்சுக்காரர்களின் பேச்சிலிருந்து வளர்ந்த மொழி. தொண்டையைச் செருமுவதுபோல் ஓர் ஒலி. ‘இல்லை’ என்று சொல்ல ‘நீ’யை இரண்டு முறை போட வேண்டும். ‘எக் இஸ் நீ மூக் நீ’ என்றால், ‘எனக்குக் களைப்பில்லை’. எனக்கோ சொல்வதற்குள் களைத்துவிடும்.

பக்கத்து இருக்கைத் தோழிதான் காப்பாற்றினாள். வாய்மொழித் தேர்வுக்கு முன்பு பேருந்திலேயே என்னைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பாள். மெல்ல மெல்ல மொழி பிடிபட்டது. இறந்தகாலத்தில் வினைச்சொல் தமிழைப் போலவே வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். வாழைப்பழம் ‘பீசாங்’. சாசர் ‘பீரிங்’. ‘நிறைய’ என்பதற்கு ‘பாயா’; நம் ‘பாஞாக்’ தேய்ந்து வந்தது. டச்சுக் கம்பெனி இந்தோனேசியத் தீவுகளிலிருந்து அடிமைகளாகக் கேப் பகுதிக்குக் கொண்டுபோன மக்கள் விட்டுச்சென்ற சொற்கள் அவை. வகுப்பில் மலாய் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அன்று எனக்கு ஒரே பெருமை.

ஜூன் 16 அங்கே இளைஞர் தினம், பொது விடுமுறை. 1976-இல் கணிதம் உள்ளிட்ட பாடங்களை ஆஃப்ரிகான்ஸில்தான் கற்பிக்க வேண்டும் என்ற உத்தரவை எதிர்த்துச் சொவெட்டோவில் கறுப்பின மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். போலீஸ் சுட்டது. ஹெக்டர் பீட்டர்சன் என்ற சிறுவனும் இறந்தான். இதைச் சொன்னவர் எங்கள் ஆஃப்ரிகான்ஸ் ஆசிரியர்தான். “அப்புறம் ஏன் சார் இதைச் சொல்லித் தர்றீங்க?” என்று கேட்டுவிட்டேன். “சுட்டது மொழி இல்லையே அம்மா. போய்ப் பாடத்தைப் படி” என்றார்.

தோழியின் வீட்டுக்குப் போனால் அவள் பாட்டி என் கையை விடமாட்டார். “உன் வாயால தமிழ் கேட்கணும் கண்ணு.” 1860-இல் மதராஸிலிருந்து முதல் கப்பல் வந்ததில் தொடங்கும் அவர் பேச்சு, கரும்புத் தோட்டங்களைச் சுற்றி, கையிலிருக்கும் தேவாரப் புத்தகத்தில் வந்து முடியும். ஆஃப்ரிகான்ஸில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கும் பேத்திக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

“வாரத்துக்கு ஒருநாள் இவளுக்கு அ, ஆ சொல்லிக் கொடேன்” என்று கேட்டார்.

“இப்போது நேரமில்லை, பாட்டி. ஆஃப்ரிகான்ஸ் தேர்வு முடியட்டும்.”

அந்தத் தேர்வு முடிந்தது. அடுத்தது வந்தது. 2006-இல் நாங்கள் கிள்ளான் திரும்பிவிட்டோம். தோழி உருட்டி மிரட்டிச் சொல்லித்தந்ததில் ஆஃப்ரிகான்ஸில் எனக்கு 71 மதிப்பெண். பதிலுக்கு நான் அவளுக்கு ‘அ’கூடச் சொல்லித் தரவில்லை.

பாட்டி இறந்த பிறகு, போன வருடம் தோழி ஒரு படம் அனுப்பினாள். தேவாரப் புத்தகத்தின் உள்ளட்டை. பாட்டியின் கையெழுத்தில் ஏழெட்டு வரிகள். “இதில் என்ன இருக்கிறது?” என்று கேட்டிருந்தாள். வீட்டில் பிறந்த பிள்ளைகளின் பெயர்கள், பிறந்த தேதிகள். ஐந்தாவது வரியில் அவள் பெயர். தன் பெயரையே என்னிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்! வானொலியில் தினமும் மணிக்கணக்கில் தமிழ் பேசும் எனக்கு, அந்த எட்டு வரிகளை வாசித்து அனுப்பத் தொண்டை அடைத்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் காணொளி அழைப்பில் வகுப்பு நடக்கிறது. ‘ஔ’ வரை வந்துவிட்டோம். இரண்டு பிள்ளைகளின் அம்மா அவள். பாதி வாரங்கள், “இன்றைக்கு நேரமில்லை” என்று செய்தி வரும். நான் விடுவதில்லை. “எக் இஸ் நீ மூக் நீ” என்று பதில் போட்டுவிட்டு அழைப்பை எடுக்கும் வரை காத்திருக்கிறேன்.