இருபது லிங்க்

"அந்தப் பாதையில் போகாதே என்று உங்களை யாராவது தடுத்திருக்கிறார்களா, பெரியவரே?"

"தடுக்க என்ன இருக்கு சாமி? பாதைதானே."

"போகலாமா என்று பட்டாதாரரிடம் எப்போதாவது கேட்டதுண்டா?"

"பாதையில போக யார்ட்டக் கேக்கணும்?"

1999இல் ஒரு முன்சீப் கோர்ட்டில், கூண்டில் நின்ற, ஆட்டுக்கிடை நடத்தும் கீதாரி ஒருவரை நான் குறுக்கு விசாரணை செய்தபோது கிடைத்த பதில்கள் இவை. கேட்டு நடந்தேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குப் போதும். அனுமதியோடு நடந்தது சலுகை, அது எத்தனை ஆண்டு நீடித்தாலும் உரிமை ஆகாது. அந்த வார்த்தையை வாங்கத்தான் கேட்டேன். அவர் சொன்னதோ நேர் எதிரானது. கேட்காமல், தடையில்லாமல், எல்லார் கண்ணுக்கும் தெரிய, தன் பாதை என்று நினைத்து நடந்திருக்கிறார். சட்டம் ஒரு வழிநடை உரிமைக்குக் கேட்கும் அத்தனையும் அந்த இரண்டு பதிலில் இருந்தன. ஆனாலும் வழக்கில் ஜெயித்தவன் நான்தான்.

நான் ஊராட்சி மன்றத்துக்கு ஆஜரானேன். சிவகங்கைச் சீமையில் வானம் பார்த்த ஊர் அது. கிழக்குத் தெருவில் செம்மறி வைத்திருந்த முப்பது வீடுகள். ஊருக்கு மேற்கே 14 ஏக்கர் மேய்ச்சல் புறம்போக்கு. இரண்டுக்கும் நடுவே ஒருவருடைய பட்டாப் புஞ்சை. அந்தப் புஞ்சையின் ஊடே போனது வண்டிப்பாதை. பழைய புலப்படத்தில் அதன் அகலம் 20 லிங்க். ஒரு லிங்க் 7.92 அங்குலம் என்பதால் 13 அடிக்குச் சற்று மேல். ஒரு வண்டி போகும்போது பக்கத்தில் ஒரு கிடை ஆடு நெருக்காமல் போகலாம். பட்டாதாரர் அதை உழுது, இரு முனையிலும் முள் வைத்து அடைத்துவிட்டார். அடைப்பதற்கு முன் மன்றத்தில் ஒரு தீர்மானம் வாங்கியிருந்தார்: பாதை பயன்பாட்டில் இல்லை, ஓடைக்கரை வழியாக மாற்றுப் பாதை உள்ளது, மன்றத்துக்கு ஆட்சேபணை இல்லை.

காசு வாங்கிக்கொண்டு போட்ட தீர்மானம் என்று வாசிப்பவர்கள் நினைக்கக்கூடும். அப்படி இல்லை. ஐந்தாண்டு தனி அலுவலர் ஆட்சிக்குப் பிறகு, 1996 தேர்தலில் வந்த புது மன்றம் அது. ஊரில் குடிதண்ணீர் இல்லை. மேல்நிலைத் தொட்டி கட்டப் பணம் வந்திருந்தது, மேடான இடம் கிடைக்கவில்லை. பட்டாதாரர் தம் நிலத்தில் 5 சென்ட் எழுதிக் கொடுத்தார், பதிலுக்குப் பாதையைக் கேட்டார். தலைவர் நேர்மையானவர். அந்தத் தொட்டித் தண்ணீரைத்தான் கிழக்குத் தெருவும் குடித்தது. ஒரு பொது நன்மைக்காக இன்னொரு பொது நன்மையை விட்டுக்கொடுத்தோம் என்று அவர் என்னிடம் சொன்னார், அதை மனதார நம்பினார். விட்டுக்கொடுக்கப்பட்டது யாருடையது என்பதை மட்டும் அவரும் கேட்டுக்கொள்ளவில்லை, நானும் கேட்கவில்லை. தீர்மானம் போட்ட உறுப்பினர்களில் ஆடு வைத்திருந்தவர் ஒருவரும் இல்லை. கிராம சபையில் அது வைக்கப்படவும் இல்லை.

தீர்மானத்துக்குச் சட்டத்தில் என்ன பலம் என்று பார்த்தால், அதிகம் இல்லை. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 134ஆம் பிரிவு மேய்ச்சல் தரை, களம், மயானம், வண்டிப்பேட்டை, தோப்பு ஆகிய புறம்போக்குகளை ஊராட்சியின் பொறுப்பில் விடுகிறது. எதற்கு? அவற்றின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்துவதற்கு. பாதையும் அப்படித்தான். மன்றம் காவல்காரன், சொந்தக்காரன் அல்ல; காவல்காரன் "ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கொடுப்பதால் பொதுமக்களின் நடை அற்றுப்போகாது. இதை நான் அன்றே அறிவேன். எதிர்த்தரப்பு இதைச் சொல்லவில்லை, நானும் கோர்ட்டுக்கு எடுத்துக் கொடுக்கவில்லை.

கிழக்குத் தெருக்காரர்கள் முதலில் போனது கோட்டாட்சியரிடம். பொது வழியை அடைத்தால் நீக்கச் சொல்லி உத்தரவிட குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு அவருக்கு அதிகாரம் தந்திருந்தது. விரைவான வழி, செலவும் குறைவு. ஆனால் எதிரி வந்து "இது பொது வழியே அல்ல" என்று மறுத்து, அதற்கு நம்பும்படியான ஆதாரம் ஒன்றைக் காட்டினால், கோட்டாட்சியர் அத்துடன் நிறுத்திவிட்டு சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்ல வேண்டும். பட்டாதாரர் பட்டாவைக் காட்டினார். பாதை அதில் இல்லை. 1980களில் நடந்த யு.டி.ஆர். எனும் நிலப் பதிவேட்டுத் திருத்தத்தில் பழைய ஏக்கர் ஹெக்டேராகி, நம்பர்கள் உட்பிரிவாகிப் புதிதாக எழுதப்பட்டபோது, பட்டா நிலத்துக்குள் ஓடிய எத்தனையோ பாதைகள் சொல்லாமல் கரைந்துபோயின. யாரும் சதி செய்யவில்லை. பாதைக்கென்று தனி உட்பிரிவு இல்லை, பழைய பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் ஒரு வரியாக இருந்தது. படி எடுத்தவர் அந்த வரியை எழுதாமல் விட்டிருக்கிறார்.

ஆக வழக்கு முன்சீப் கோர்ட்டுக்கு வந்தது. வந்த விதத்தில்தான் அது தோற்றது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின்படி, 20 ஆண்டுகள் அமைதியாக, வெளிப்படையாக, உரிமையோடு, தடையின்றி நடந்தால் அந்த வழி உறுதியான உரிமையாகிறது. கீதாரி பிறந்ததிலிருந்தே நடந்தவர் என்பதால் அவருடைய வக்கீல் இந்தப் பிரிவை நம்பி, அவர் ஒருவர் பெயரில் வழக்குப் போட்டார். நான் எழுந்து ஒரே ஒரு கேள்வியை வைத்தேன். வசதியுரிமை என்பது ஆளுக்கு உரியது அல்ல, நிலத்துக்கு உரியது. ஒரு நிலத்தின் அனுபவத்துக்காக இன்னொரு நிலத்தின் மேல் இருப்பது. வாதியின் நிலம் எது?

அவருக்கு நிலம் இல்லை. இருந்தது அரசு ஒப்படை செய்த மூன்று சென்ட் வீட்டு மனை. அந்த மனையின் அனுபவத்துக்கு மேய்ச்சல் தரைக்குப் போகும் பாதை தேவையில்லை, ஆட்டுக்குத்தான் தேவை என்றேன். ஆடு அசையாச் சொத்து அல்ல. அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு ஊர் வழக்கத்தால் வரும் உரிமைகளை ஏற்கிறது, பொது மேய்ச்சலை உதாரணமாகவே காட்டுகிறது. ஆனால் அந்த உதாரணத்தில் வரும் மனிதன்கூட உழவன். ஊர் நிலத்தை உழுகிறவன் என்பதால் அவன் மாட்டுக்கு மேய்ச்சல் உரிமை. நிலமே இல்லாமல் ஆடு மட்டும் வைத்திருப்பவனை அந்த உதாரணம் எழுதியவர் நினைத்துப் பார்க்கவில்லை.

பொதுமக்கள் எல்லாருக்குமான வழி என்று, ஊர் சார்பில், கோர்ட்டின் அனுமதி பெற்றுப் போட்டிருக்க வேண்டிய வழக்கு அது. அப்படிப் போட்டிருந்தால் நிலம் எது என்று கேட்க எனக்கு இடம் இருந்திருக்காது. வழக்கு தள்ளுபடியானது. கீதாரி வராந்தாவில் என்னிடம் வந்து, "நடந்ததுக்கு நெலம் எதுக்கு வக்கீலய்யா?" என்றுதான் கேட்டார். கோபம் இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். நான் வேறொரு வழக்குக்கு அழைப்பு வந்ததாகச் சொல்லி உள்ளே போய்விட்டேன்.

அந்த வழக்கின் ஆவணங்களில் என்னை இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு. பட்டாதாரர் பாதையை மட்டும் உழவில்லை. பாதை போய்ச் சேரும் புறம்போக்கில் நான்கு ஏக்கரையும் பல வருஷமாக உழுதுவந்தார். அதற்காக வருவாய்த் துறை அவருக்குப் பி-மெமோ எனும் ஆக்கிரமிப்பு நோட்டீஸ் கொடுத்து, ஆண்டுதோறும் தண்டம் வசூலித்தது. அந்தத் தண்டச் சீட்டுகளை அடுக்கிக் கொண்டுவந்து, தம் நீண்ட அனுபவத்துக்குச் சான்று என்று தாக்கல் செய்தார். கோர்ட்டும் எண் போட்டு வாங்கிக்கொண்டது. ஆக்கிரமித்தவரிடம் தண்டம் கட்டிய ரசீது கத்தையாக இருந்தது. ஆயுள் முழுக்க ஒருவரோடும் சண்டையில்லாமல் நடந்தவரிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. நடந்ததற்கு யார் ரசீது கொடுப்பார்கள்?

ஓடைக்கரை மாற்றுப் பாதை கோடையில் பாதை, ஐப்பசி கார்த்திகையில் ஓடை. தண்ணீர் இறங்கும்வரை ஆடுகள் கண்மாயைச் சுற்றி மூன்று மைல் போய் வந்தன. குட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்கள் முழங்கால் சேற்றில் போவதை, வேறொரு வழக்குக்காக அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். கோடையில் தஞ்சாவூர்ப் பக்கம் போய்த் திரும்பும் கிடைகள் ஊருக்குள் வருவதையே குறைத்துக்கொண்டன. முன்பெல்லாம் அறுப்பு முடிந்ததும் அந்தப் பட்டாதாரரின் புஞ்சையில்தான் முதல் கிடை போடுவார்கள். அவரே நெல் அளந்து அழைப்பார். பாதையை அடைத்த பிறகு அவரும் உர மூட்டைக்குப் பணம் கொடுத்தார்.

2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பஞ்சாபில் பாட்டியாலா மாவட்டத்து ஊர்க் குளம் ஒன்றைத் தூர்த்துக் கட்டிய வீடுகளைப் பற்றிய வழக்கு. ஊர்ப் பொது நிலங்களிலிருந்து ஆக்கிரமிப்பாளர்களை வெளியேற்றத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு. நெடுநாள் அனுபவம் என்பதோ, பெருஞ்செலவு செய்தேன் என்பதோ சாக்காகாது என்று தெளிவாகவே சொன்னது. தண்டச் சீட்டுக் கத்தை அத்துடன் வெறும் காகிதம் ஆயிற்று. ஊர் இளைஞர்கள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார்கள். நோட்டீஸ் கொடுத்து, அளந்து, நான்கு ஏக்கரும் மீட்கப்பட்டது. அது நடந்தது, புறம்போக்குக்கு ஒரு சர்வே நம்பர் இருந்ததால். பாதைக்கு நம்பர் இல்லை, அது பட்டாவுக்குள் கிடந்தது. போதாததற்கு, பாதை இல்லை என்று நான் வாங்கிக் கொடுத்த தீர்ப்பு வேறு. மேய்ச்சல் தரை முழுசாக மீண்டது, அதற்குள் போக வழியில்லை.

இது அந்த ஊரின் தனிக்கதை அல்ல. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, வழியிலுள்ள நிலம் வேலியிடப்பட்டதால், தலித் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கிச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள்; சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே அதை விசாரணைக்கு எடுத்தது. பொது நிலம் எங்கே என்று பதிவேட்டைப் புரட்டுகிறவர்கள், அதற்கு எப்படிப் போவது என்ற பக்கத்தையும் புரட்ட வேண்டும்.

2011 தேர்தலில் வந்த மன்றம் பழைய தீர்மானத்தை ரத்து செய்துவிட்டு, வழக்குக் கட்டோடு என் அலுவலகத்துக்கு வந்தது. பழைய தீர்ப்பு தடையாகாதா என்று கேட்டார்கள். ஆகாது. ஒரே வழக்கில் இரண்டு பிரதிவாதிகள் இருந்தால், அவர்களுக்குள் பிணக்கு இருந்து அதையும் கோர்ட் தீர்மானித்திருந்தால்தான் அந்த முடிவு அவர்களை ஒருவருக்கொருவர் கட்டும். 1999இல் ஊராட்சியும் பட்டாதாரரும் ஒரே பக்கம். காலமும் கடக்கவில்லை, பொதுப் பாதையை இழந்த உள்ளாட்சி அமைப்பு அதை மீட்க 30 ஆண்டுகள்வரை வழக்குப் போடலாம். எல்லாம் சொன்னேன், வழக்கை மட்டும் நான் நடத்தவில்லை. பாதை இல்லை என்று வாதாடிய அதே வாய் இருக்கிறது என்று வாதாடுவது சரியாகப் படவில்லை. என்னிடம் தொழில் பழகிப் பிரிந்துபோன ஒரு பெண் வக்கீலிடம் அனுப்பினேன்.

கீதாரி அதற்குள் இறந்திருந்தார். அவர் வயதில் அந்தப் பாதையை நடந்தே அறிந்தவர் வேறு யாரும் இல்லை. அந்தப் பெண் வக்கீலிடம் சாட்சியச் சட்டத்தின் 33ஆம் பிரிவைப் பார்க்கச் சொன்னேன்: முன்பு நடந்த வழக்கில் ஒருவர் சொன்ன சாட்சியம், அவர் இறந்துவிட்டால், அதே தரப்பினருக்கிடையே அதே விஷயம் பற்றிய பின் வழக்கில் ஏற்கப்படலாம், எதிராளிக்குக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். வாய்ப்பு இருந்தது. குறுக்கு விசாரணையும் நடந்தது, செய்தவன் நான். அந்த வாக்குமூலத்துக்கு நகல் மனு போட்டு வாங்கி, இரண்டு பதில்களையும் அடிக்கோடிட்டு, பழைய புலப்படத்தோடு சேர்த்து அந்தப் பெண் வக்கீல் தாக்கல் செய்தார்.

பட்டாதாரரின் மகன் படித்துப் பார்த்தார், சமரசத்துக்கு வந்தார். நிலத்தின் நடுவே அல்லாமல் வடக்கு வரப்பை ஒட்டி 10 லிங்க் தருவதாகச் சொன்னார். ஆறரை அடி. மன்றம் உடனே ஒப்புக்கொள்ளத் தயாராக இருந்தது. முன்பு ஒருமுறை இப்படித்தான் ஆயிற்று, கிராம சபையில் வைக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். 2016 குடியரசு நாள் கூட்டத்தில் வைத்தார்கள். வரைபடத்தைப் பெஞ்சில் விரித்து, ஆறரை அடி என்றால் எவ்வளவு என்று கயிறு பிடித்துக் காட்டினார்கள். வண்டி இப்போது யாரிடம் இருக்கிறது, இது போதும் என்று பலரும் பேசினார்கள்.

கீதாரியின் மகள் எழுந்தார். "ஒரு கிடை போறப்ப இன்னொரு கிடை எதிர்க்க வந்தா எங்கண்ணே ஒதுங்கும்?"

யாருக்கும் பதில் இல்லை. அன்றே தலைவரும் பட்டாதாரர் மகனும் நிலத்துக்குப் போனார்கள். லோக் அதாலத்தில் பதிவான சமரசத்தோடு இணைத்த வரைபடத்தில், பாதையின் பாதித் தூரத்தில், வேப்ப மரத்தடியில், 30 லிங்க் நீளத்துக்கு அகலம் மட்டும் 20 லிங்க்.